பத்து யார்

ஞாயிறு இரவு பத்தரை என்றால் அங்கே பகல் ஒரு மணி.
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, இரும்புக்கடைக்கு மேல் மூன்றாம் மாடியில்
பதினாறு கணினி, பதினாறு பேர், ஒரு கேத்தல்.
ஜன்னலைச் சாத்தினாலும் பனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் வேலை பெட்டி போடுவது.
ஓடுகிறவனைச் சுற்றி ஒரு பெட்டி,
அவனை விழுத்துகிறவனைச் சுற்றி ஒரு பெட்டி,
பந்துக்குச் சின்னதாய் ஒன்று.
பெட்டிக்கு ஒன்றரை ரூபாய்.
ஆயிரம் போட்டால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது
கொழுந்துக் கணக்கிலிருந்து நாங்களே கொண்டுவந்த பேச்சு.
ருவந்தி மிஸ்ஸுக்கு அது விளங்காது.

தரவளையில் துரைமார் உருண்டு புரண்ட
முட்டைப் பந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி இந்த ஆட்டம்.
தலையில் சட்டி, தோளில் பலகை.
நாலு தடவைக்குள் பத்து யார் முன்னே போக வேண்டும்,
புடவைக்கடையில் சீத்தை அளக்கிற அதே யார்.
போகாவிட்டால் பந்து மற்றவனுக்கு.
இவ்வளவுதான் என்கிறான் யோகச்செல்வன்.
மூன்று வருஷத்தில் எனக்கு விளங்கினதும் இவ்வளவுதான்.

மாசியில் ஆட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு
பழைய படச்சுருள் வந்தது. நூறு வருஷத்துப் படம்.
கூடவே ஒரு கட்டுக் குறிப்பு. வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஒருத்தனுக்கு
ஒரே ஆட்டத்துக்கு ஐந்நூறு டாலர்.
காசுக்கு ஆடுவது வெட்கமாயிருந்த காலம்;
கொடுத்தவர்கள் வாய் திறக்கவில்லை,
கணக்குப் புத்தகம் பிறகு சொல்லிவிட்டது.
எந்த ஊர்க் கணக்கப்பிள்ளைக்கும் எழுதாமல் இருக்க வராது போல.
அப்புறம் இருபதில், கார் விற்கிற கடையொன்றில் கூட்டம்.
கதிரை போதாமல் கார்களின் படியில் உட்கார்ந்தே
சங்கம் அமைத்தார்களாம்.
சேருகிற அணிக்கு நூறு டாலர்;
ஒருத்தரும் கட்டவில்லை என்றும் ஒரு பேச்சு.
மாவு ஆலைக்கு ஓர் அணி, இறைச்சி டப்பாக் கம்பெனிக்கு ஓர் அணி.
இன்றைக்கு ஓர் அணியின் விலையை
நம் ரூபாய்க்கு மாற்றப் போனான் யோகச்செல்வன்.
போனில் சைபர் கொள்ளவில்லை.

படத்தில் மழை.
அங்கேயும் மழையென்றால் சேறுதான்.
முதுகில் இலக்கம் இருந்திருக்கும், தெரியவில்லை.
கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்தவர்கள் மாதிரி
இருபத்திரண்டு பேரும் ஒரே நிறம்.
பெட்டி போட்டதும் கணினி கேட்கும்:
யார்?
தெரியாது.
யார்?
தெரியாது.
இருபத்திரண்டு தரம் அடித்தேன்.

கோட்டுக்கு வெளியே இன்னும் இரண்டு பேர்.
ஆளுக்கொரு தடி, நடுவில் சங்கிலி.
எவனாவது விழுந்ததும் ஓடிவந்து
சங்கிலியை இழுத்துப் பிடிக்கிறார்கள்;
போனதா, ஒரு சாண் குறைந்ததா, காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.
ஒருத்தருக்குத் தொப்பி இல்லை. காதில் தண்ணீர் போயிருக்க வேண்டும்,
தலையைச் சாய்த்துத் தட்டிக்கொள்கிறார்.
அவர் பக்கம் ஒருத்தரும் பார்க்கவில்லை.

விதி ஏழு: ஆட்டக்காரர் அல்லாதவருக்குப் பெட்டி வேண்டாம்.

போட்டேன்.
யார், என்றது.
பத்து, என்று அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் சிவப்பில் திரும்பி வந்தது.
"இது என்ன நங்கி" என்று ருவந்தி மிஸ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
ஒவ்வொன்றாய் அழித்தேன். அழிப்பதற்குக் காசில்லை.
அன்றைக்கு எனக்கு அரைப் பேர்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.
தொப்பியில்லாதவர் அதற்குள் நிற்கிறார், காதைத் தட்டிக்கொண்டு.
எத்தனையாவது படமென்று
யோகச்செல்வனுக்கும் நான் சொல்லவில்லை.