முப்பத்தொன்று

கயானியில் பனி இன்னும் உருகி முடியவில்லை.
மூன்றாம் எண் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
சீருடையோடு வந்து நிற்கிறேன்,
குப்பைத் தொட்டிகளுக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில்.
என் டிஸ்க் கோல்ஃப் கூடை இங்கேதான் இருக்கிறது:
ஒரு கம்பம், இருபத்துநாலு சங்கிலி,
அடியில் இரும்பில் ஒரு தொட்டி.

ஆறு மீட்டர்.
செப்டம்பரில், பதினெட்டாம் கூடையில்,
இதே ஆறு மீட்டரில்தான் கோட்டைவிட்டேன்.
ஜோடி சேர்ந்து ஆடிய ஒஸ்மோ ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லித் தொலைத்திருக்கலாம்.
காரில் நாற்பது கிலோமீட்டர்
வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து தினம் ஐம்பது.
ஐந்து தட்டு, பத்து நடை.
எறிவதற்கு ஒரு நொடி;
மிச்சமெல்லாம் நடப்பது, குனிவது, பொறுக்குவது.
கையைவிட இடுப்புதான்
அதிகம் கற்றுக்கொள்கிறது.

இருபத்திரண்டு. இருபது. இருபத்தைந்து.
ஒரு ஞாயிறு, பதினான்கு.
அன்று கையுறையைக் கழற்றிக் குப்பையில் வீசினேன்.
(அது மட்டும் குறி தவறவில்லை.)
பிறகு போய் எடுத்துக்கொண்டேன். நல்ல கம்பளி.

மணிக்கட்டைத் திருப்பாதே என்றால்
மணிக்கட்டு திரும்புகிறது.
கூடையைப் பார்க்காதே, சங்கிலியைப் பார்.
சங்கிலியை விடு, ஒரு கண்ணியைப் பார்,
அதில் கடுகளவு துரு.
நிறுத்தத்தில் காத்திருப்பவரின் காலணிக்கு நேரே
பேருந்தின் கதவைக் கொண்டு நிறுத்துகிறேனே,
பதினோரு வருஷமாக, அது போலத்தான்.
யோசித்தால் அரை மீட்டர் தள்ளிப் போகும்.

நவம்பரில் மாடிப்படியில் ஒரு காகிதம்:
"இரவு ஒன்பதுக்கு மேல் சங்கிலிச் சத்தம் வேண்டாம்."
பெயர் இல்லை. பச்சை மை.
இந்தக் கட்டிடத்தில் பச்சை மையில் எழுதுபவர்
இரண்டாம் மாடி வெய்யோ ஒருவர்தான்.
என் ஷிஃப்ட் முடிவதே ஒன்பதேகாலுக்கு.

பழைய காலுறைகளைக் கிழித்து
சங்கிலி சங்கிலியாகச் சுற்றினேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது போல நின்றது கூடை.
இனி எந்தத் தட்டு பட்டாலும்
தலையணையைக் குத்தியது போல ஒரு 'தொப்'.
உள்ளே விழுந்ததா, தெறித்துப் போனதா,
நெற்றி விளக்கோடு கிட்டப் போனால்தான் தெரியும்.
இருபத்தெட்டு. முப்பது. இருபத்தேழு.
டிசம்பர் முழுக்க
அந்த எண்களிலேயே உறைந்து கிடந்தேன்.

ஜனவரியில், சலவை அறையில், வெய்யோ.
இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள்
தன் சட்டைகள் சுழல்வதைப் பார்த்தபடி சொன்னார்:
"அக்டோபர் கடைசியில் முப்பத்தொன்று வந்தது.
அப்புறம் எனக்குத் தெரியவில்லை."

கொஞ்ச நேரம் தண்ணீர் வடிகிற சத்தம்.

"தூக்கம் பிடிக்காது. படுத்துக்கொண்டு எண்ணுவேன்.
எழுதிப் போட்டது தப்பு."

என் நோட்டில் அந்த நாளுக்கு
இருபத்தொன்பதுதான் இருக்கிறது.
சங்கிலியில் பட்டு வெளியே விழுந்த இரண்டையும்
அவர் காது எனக்குத் தானமாகக் கொடுத்துவிட்டது.
நான் திருத்தவில்லை.
அன்றிரவே காலுறைகளைப் பிரித்தேன்.
மாடிப்படியில் புதுக் காகிதம், அதே மை:
"பத்தரை வரை பரவாயில்லை."

இன்று காற்று குறுக்கே அடிக்கிறது.
தட்டின் முன்விளிம்பைத் தாழ்த்தினால் சரிகிறது,
உயர்த்தினால் மிதந்து கொட்டகைக்குப் போகிறது.
ஈரச்சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்கிறேன்.
முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா?
நடுவில் எங்கோ எண்ணிக்கை தவறிவிட்டது.

ஐம்பதாவது கையில்.
மேலே, இரண்டாம் மாடி ஜன்னல்
இந்தக் குளிரிலும்
ஒரு விரற்கடை திறந்திருக்கிறது.

கண்ணியைத் தேடுகிறேன்.
அந்தத் துருவை.