இரு

மயிலாடுதுறை, பட்டமங்கலத் தெரு,
பேட்டரிக் கடைக்கு மேல் மாடி.
சுவரில் முட்டை அட்டை ஒட்டிய காலம் போய்
இப்போது கண்ணாடிப் பஞ்சு;
தவணை இன்னும் முடியவில்லை.

பொறையாறு அமிர்தகடேசன் வாசித்த தவில்
பதினோரு நிமிடம் நாற்பது நொடி.
நேற்று ராத்திரி அனுப்பினேன்.
காலையில் போனில் ஒரே கேள்வி:
"அக்கா, அடி எங்க போச்சு?"

அடி போனது என்னால்தான்.
தொப்பியும் வலந்தலையும் ஓர் உயரத்தில் நிற்கட்டும் என்று
கம்ப்ரஸரை நேராகத் தலையில் வைத்தேன்.
கூடு மாட்டிய விரல் தெறித்த இடமெல்லாம்
இஸ்திரி போட்ட வேட்டி.
எங்கள் ஊரில் ஏற்கெனவே எல்லாம் மட்டம்தான்.
இருந்த ஒரே மேட்டையும் வயலாக்கிவிட்டேன்.

எடுத்துவிட்டால் பழைய சங்கடம்:
அடி வானத்தில்,
அடிக்கு நடுவே உள்ளது பாதாளத்தில்.
மண்டப ஸ்பீக்கரில் முன்னது காதைக் கிழிக்கும்,
பின்னது சாம்பார் வாளிச் சத்தத்தில் காணாமல் போகும்.

ஆகவே இன்னொரு பிரதி.
முதல் தடத்தைத் தொடாதே.
இரண்டாவதை நசுக்கு, வெட்கமில்லாமல் நசுக்கு.
பத்துக்கு ஒன்று.
த்ரெஷோல்டைத் தரைக்கு இறக்கு,
முள் விழுந்து எழ மறுக்கட்டும்.
பிறகு ஃபேடரில் அடிமட்டத்திலிருந்து
மெல்ல, மெல்ல
முதலாவதின் காலடிவரை ஏற்று.

முக்கொம்பில் ஆறு இரண்டாவதுபோல
என்று எழுத வந்தேன். தப்பு.
அங்கே காவிரிக்குப் போனது கொள்ளிடத்துக்கு இல்லை.
இங்கே முழு ஆறும் இந்தப் பக்கம்,
அதே முழு ஆறும் அந்தப் பக்கம்.
அப்படியொரு பொத்தான் கல்லணையில் இருந்தால்
கடைமடைக்காரர்கள் ஏன்
பஸ்ஸை மறித்து ரோட்டில் உட்காரப்போகிறார்கள்.

மதியம், நசுக்கிய தடத்தை மட்டும் தனியே கேட்டேன்.
அசிங்கமாக இருந்தது, இருக்கத்தான் வேண்டும்.
அடி குனிந்ததும் மற்றதெல்லாம் எழுந்து வந்தது:
வாரின் முறுகல்,
ஜமக்காளத்தில் முழங்கால் நகர்வது,
கீழே யாரோ இன்வெர்ட்டருக்கு விலை குறைக்கச் சொல்வது.
அப்புறம்
மூன்றாம் நிமிடம், தீர்மானத்துக்குச் சற்று முன்
ஒரு சொல்.

பின்னால் போய்க் கேட்டேன்.
"இரு."
அடுத்த தீர்மானத்துக்கும்: "இரு... இரு..."
உதட்டைத் தாண்டாத குரல்.
யாரிடம்?
நாயனம் அன்றைக்கு வரவில்லை,
தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான்.
முட்ட வரும் மாட்டைத் தடவுவதுபோலத்
தன் வலது கையிடம் சொல்லியிருக்கிறான்.
பதினேழு இடம். எண்ணினேன்.

என்னிடமும் ஒரு குமிழ் உண்டு, அட்டாக் என்று.
அடி விழுந்ததும் பாய்ந்து பிடிக்காதே,
முப்பது மில்லி நொடி பொறு,
முனை வெளியே போகட்டும், பிறகு அமுக்கு.
நேற்று அவசரத்தில் அதைப் பூஜ்ஜியத்தில் விட்டவளும் நான்தான்.
பத்து வருஷமாகத் திருகுகிறேன்,
அதற்குத் தமிழில் பெயர் உண்டென்று தெரியாது.

வெட்டிவிடலாம். பதினேழு வெட்டு, அரை மணி வேலை.
தரங்கம்பாடி கொயருக்கு
இருமல் அத்தனையும் வெட்டிக் கொடுத்த பிரிசில்லாதானே.
கர்சரைக் கொண்டுபோய் வைத்தேன்.
கரண்ட் போனது.
யூபிஎஸ் கோழிக்குஞ்சாய்க் கத்தியது.
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்ப வந்தபோது வெட்டவில்லை.
பிரதியைப் பதினான்கு டெசிபல் கீழே நிறுத்தினேன்.
அங்கே அந்தச் சொல் சொல்லாக இல்லை.
அணைத்தால் மட்டும் தவில் இளைக்கிறது.

ஐந்தரைக்கு வந்தான்.
ஹெட்போனுக்குள் முழுசாகக் கேட்டான், கண்ணை மூடவில்லை.
"இப்ப உடம்பு வந்திருக்கு. என்னக்கா பண்ணுனீங்க?"
"உன்னையே உனக்குக் கீழ வச்சேன்."
சிரித்தான். புரிந்ததா தெரியவில்லை.

பாக்கி இரண்டாயிரத்தை ஜிபேயில் போட்டுவிட்டுப்
படியில் நின்று பைக் சாவியைத் தேடினான்,
சட்டைப்பை, பேன்ட், மறுபடி சட்டைப்பை.
"இரு இரு" என்றான்,
யாருக்கும் இல்லை,
அல்லது சாவிக்கு.