துவர்ப்பு

பகலில் நானூறு கோப்பை.
உறிஞ்சு, உருட்டு, துப்பு.
குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளுக்கு
விலை சொல்லும் நாக்கு இது.
பதினெட்டு வருஷமாய்
எதையும் விழுங்கிப் பழக்கமில்லை அதற்கு.

இன்று பெட்ஃபோர்டு மேட்டில்
தியோடர் வீட்டு மாடி.
நாசிக்கிலிருந்து வந்த மூன்று புட்டி சிவப்பு ஒயின்.
மழை இல்லை, மூடுபனிதான்;
சிம்ஸ் பூங்கா விளக்குகள்
பாலில் விழுந்து கிடந்தன.

முதலாவது, சர்பத். பேசாமல் வைத்துவிட்டேன்.
இரண்டாவது, மரப்பெட்டியை நக்கியது போல.
"மூணாவதைப் பாருங்க ஹில்டா" என்றான்.

மூக்குக்கு முதலில் நாவல்பழம்.
பின்னாலேயே தவிட்டுப்பழம்,
லாம்ஸ்ராக் போகிற வழியில்
சட்டைப்பை கறையாகப் பறிப்போமே, அது.
இனிக்கப் போகிறதென்று
நாக்கு ஏந்திக்கொண்டு நிற்க,
இனிக்கவில்லை.
அவ்வளவு பழமும்
சர்க்கரையை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு
வெறுங்காலோடு உள்ளே வந்தது.

ஈறோரம் மெல்ல இழுத்தது துவர்ப்பு.
தெரிந்த துவர்ப்புதான்,
தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை.
அவள் குரல் உயரும்போது
புளிப்பு முழங்கையைத் தொட்டது,
அடங்கினாள்.

தியோடர் பித்தளைப் படிக்கத்தை நீட்டி
மதிப்பெண் கேட்டான்.
வாய் நிறைய இருந்தது.
பதில் சொல்ல வேண்டுமானால்
துப்ப வேண்டும், இல்லையென்றால்

தொண்டை என்னைக் கேட்கவில்லை.

நாளைக் காலை ஒன்பதுக்கு
முதல் கோப்பையிலேயே தெரிந்துவிடும்
நாக்கு கெட்டுப்போன சங்கதி.
தெரியட்டும்.
படிக்கத்தை அந்தப் பக்கம் வை, தியோடர்.
இன்னும் கொஞ்சம் ஊற்று.