நாலாம் நாள் புள்ளி

ஈயப் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில்
ஒரு நேரம் எழுதியிருக்கிறது: செவ்வாய், மதியம் பன்னிரண்டு.
அந்த நேரத்துக்கு மட்டுமே அந்த எண் உண்மை.
அதற்கு முன் கூட, பிறகு குறைவு.
கட்டுநாயக்காவில் முத்திரைக்குக் காத்த மூன்று மணித்தியாலம்,
வவுனியாவில் அன்ரன் குடித்த தேத்தண்ணி,
ஆனையிறவில் ஆடுகள் றோட்டைக் கடந்த நேரம்
எல்லாம் லூற்றீசியத்தின் கணக்கில் கழியும்,
மணிக்கு ஆயிரத்தில் நாலு.
தாமதம் என்ற சொல்லுக்கு
எங்கள் அறையில் தசம தானம் உண்டு.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை எனது.
நான் வைத்தியர் இல்லை. தினமும் ஒருவருக்காவது இதைச் சொல்கிறேன்.
நாடி பிடித்ததில்லை, கத்தி தொட்டதில்லை.
கட்டி எவ்வளவு குடிக்கும், சிறுநீரகம் எவ்வளவு தாங்கும்,
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மருந்து போகலாம்,
இதுதான் உத்தியோகம்.
சந்தையில் வாங்கிய இரண்டு பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி
அவைதான் சிறுநீரகம் என்று கமராவை நம்பவைத்தபடி
மூன்று மாதம் இருந்தவன்.

தவறஞ்சினி வந்தபோது
தரையில் சிவப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன்:
ஒரு மீற்றர், இரண்டு மீற்றர், இதற்கப்பால் நிற்கவும்.
வழக்கமாக ஆட்கள் ஏனென்று கேட்பார்கள், அல்லது அழுவார்கள்.
அவள் குனிந்து நாடாவின் ஓரத்தை நகத்தால் நேராக்கினாள்.
"முகமாலையில பதினொரு வருசம் கண்ணி எடுத்தனான்.
சிவப்பு எந்தப் பக்கம், வெள்ளை எந்தப் பக்கம் எண்டு
நித்திரையிலயும் தெரியும்."

மருந்து ஏறி அரை மணியில்
கருவியை அவள் வயிற்றுக்கு நேரே பிடித்தேன்.
தகரத்தில் மழைபோலக் கொட்டியது.
கண்ணை மூடிக் கேட்டாள்.
"நிறைய இரும்பு இருக்கிற நிலம் மாதிரி."
பிறகு, "ஆனா இதைத் தோண்டேலாது, என்ன?"
தோண்டத்தான் உள்ளே அனுப்பியிருக்கிறோம் என்றேன்.
சொன்ன பிறகு, சரியாகச் சொன்னேனா என்று யோசித்தேன்.
இரண்டு மில்லிமீற்றரே போகும் கதிர்.
ஈரலில் ஏழு இடம்.

நாலாம் மணித்தியாலம் ஒரு படம். மறுநாள் ஒன்று.
நாலாம் நாள் ஒன்று வந்தால்தான்
சரிவு எப்படி வளைகிறதென்று தெரியும்,
அடுத்த முறை எவ்வளவு என்று சொல்லலாம்.

நாலாம் நாள் ஹர்த்தால்.

பஸ் இல்லை, ஓட்டோ இல்லை, கமரா அறையில் ஆளில்லை.
கைக்கருவியைப் பையில் போட்டு
மோட்டச்சைக்கிளில் பளைக்குப் போனேன்.
நுணாவிலில், டயர் எரிந்த இடத்தில், மறித்தார்கள்.
"பையில என்ன?"
ஓட விட்டுக் காட்டினேன்.
மண்ணிலும் காற்றிலும் எப்போதும் உள்ளது மட்டும்
ஒரு டிக். வெகுநேரம் கழித்து
இன்னொன்று.
போகச் சொன்னான்.

முற்றத்தில் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள்.
மகனைத் தமக்கை வீட்டில் விட்டிருந்தாள், நான் சொன்னபடி.
அளவுநாடாவை ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டிருந்தேன்.
பௌதிகம் படித்தவன், ஒரு மீற்றர் எவ்வளவென்று
கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போய் ஒரு தடி கொண்டுவந்தாள்,
சிவப்புப் பூச்சு பாதி உரிந்தது.
"சரியா ஒரு மீற்றர். இது பிழைச்சிருந்தா
உங்களிட்டை வந்திருக்க மாட்டன்."

தடியின் ஒரு முனை அவள் தொப்புளுக்கு நேரே,
மறுமுனையில் நான்.
இரண்டு பேரும் மூச்சை அடக்கினோம், தேவையே இல்லை.
ஒன்று தசம் ஒன்பது.
முதல் நாள் இருபத்திரண்டு.
"குறைஞ்சிருக்கோ?"
குறையத்தான் செய்யும், எங்கே தங்கிக் குறைகிறது என்பதுதான்
எனக்குத் தெரியவேண்டும் என்றேன்.
தலையாட்டிவிட்டுத் தவிட்டுக்குத் திரும்பினாள்.

இரவு அந்தப் புள்ளியை வரைபில் இட்டேன்.
படமில்லாத புள்ளி. சிறுநீரகம் தனியே தெரியாது.
பிழைக்கோடு மேலும் கீழும் நீளம்,
மற்ற எல்லாப் புள்ளியையும் விட.
கருவி என்ற நிரலில் அதன் இலக்கத்தை எழுதினேன்.
தூரம் அளந்த விதம் என்ற நிரலில்
கொஞ்சம் யோசித்து
கண்ணித்தடி என்று எழுதினேன்.
ஏழாம் நாள் படத்துக்கு, பஸ் ஓடினால், வருவாள்.