வரிசை எண் பதினேழு

லோகோன் பாலத்தின் முனையில் எனக்கு ஒரு மேசை,
ஒரு முத்திரை, கால் ஆடும் நாற்காலி.
பேரேட்டில் இரண்டே கட்டம்:
மீன் என்றால் மூட்டைக்கு இவ்வளவு,
உயிர்ப்பிராணி என்றால் தலைக்கு இவ்வளவு.
ஆடுகள் என்னைக் குழப்பியதே இல்லை.

குசேரியிலிருந்து ஃபல்மாத்தா வந்தாள்,
மோட்டார் சைக்கிளின் பின்னே
சொட்டச் சொட்ட ஒரு சாக்கு.
"மீன்" என்றாள்.
விடியும் முன்பே பிடித்ததாம்.
மணி பத்தரை. தகரக்கூரை முறுகிக்கொண்டிருந்தது.

அவிழ்த்துப் பார்த்தேன்.
பாம்பை மீனாக்கப் போய்ப் பாதியில் விட்டதுபோல
பதினோரு பிச்சிர்கள்.
ஓட்டுச் சில்லுகளாய்ச் செதில்;
முதுகு நெடுகச் சின்னச் சின்னக் கொடிகள்,
எந்த நாட்டுக்கும் சேராதவை,
மடங்கிக் கிடந்தன.

ஒன்று தலை தூக்கியது.
உச்சியில் இரண்டு துளை திறந்து
ஹ்... என்று
என் மேசைக்கு மேலிருந்த காற்றில் கொஞ்சம்
கேட்காமல் எடுத்துக்கொண்டது.

"மூச்சு விடுகிறதே."
"நீங்களும்தான் விடுகிறீர்கள்.
உங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?"
ஜிம்தெபாய் சிரித்துச் சிரித்துத்
தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

அதற்குள் அது நழுவித் தாரில் விழுந்தது.
துடுப்பிரண்டையும் உள்ளங்கையாய் ஊன்றி
தோள் மாற்றித் தோள் மாற்றி
நடந்தது.
ஆற்றைப் பார்த்து அல்ல.
தடுப்புக் கட்டைக்கு அடியில் புகுந்து
எந்தத் தாளும் காட்டாமல்
சாத் நாட்டுக்குள்.
லாரிக்காரன் ஹாரன் அடிக்க மறந்திருந்தான்.

கழுத்தைப் பிடித்து எடுத்தாள் ஃபல்மாத்தா.
தொழுகைக்கு நான் வைத்திருந்த கெண்டித் தண்ணீரை
அதன் மேல் ஊற்றித் தூசி கழுவினாள்.
"அந்திவரை சாகாது, ஐயா.
தெம்பே சந்தையில் இந்த மூச்சுக்குத்தான் விலை.
நின்றுவிட்டால் பாதிக்குக் கேட்பார்கள்."
சாக்கை முறுக்கிக் கட்டினாள்,
வாயில் மட்டும் இரண்டு விரல் இடம் விட்டு.

பதினேழாம் வரிசையில்
தொகையை எழுதினேன்,
இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டின் மேலேயே.

மார்ச்சில் தணிக்கைக்கு நார்லெஜி வந்தார்.
ஆறு இளைத்துச் சேறு நாறிய மதியம்.
பக்கம் புரட்டிய விரல் அங்கே நின்றது.
"இது என்ன? மீனா, பிராணியா?"

வாயைத் திறந்தேன்.
காற்று உள்ளே போனது.
வேறெதுவும் வெளியே வரவில்லை.