காரணம் ஒன்றைத் தேர்வு செய்க

மொன்டெவிடியோவில், மூன்றாம் மாடியில்
நாட்டின் எல்லா மாடுகளும் இருக்கின்றன.
சாணி வாசமில்லை, ஈயில்லை,
ஏசி மட்டும் ஓயாமல் அசைபோடுகிறது.

ஒவ்வொரு காதுக்கும் ஒரு மஞ்சள் வில்லை
ஒவ்வொரு வில்லைக்கும் ஓர் எண்
ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி:
பிறப்பு, மேய்ச்சல், கைமாற்றம், கசாப்பு.
உருகுவேயில் மனிதரைவிட மாடு அதிகம்.
மனிதரைவிட ஒழுங்காக
எழுதிவைக்கப்பட்டிருப்பதும் மாடுதான்.

என் பெயர் நிபியா. மாலைப் பணி.
உதவி எண்ணில் ஒன்பதை அழுத்தினால்
ஒரு பாட்டுக்குப் பிறகு நான் வருவேன்.
"இந்த உரையாடல் பதிவாகிறது" என்று
எனக்கு முன்னால் இன்னொருத்தி சொல்லிவிடுவாள்.
அவளுக்குச் சம்பளமில்லை, சளி பிடிப்பதுமில்லை.

ஏப்ரல் வெள்ளம் வடிந்த வாரம்
குவாரெய்ம் ஆற்றங்கரையிலிருந்து ஒருவர்,
வில்மார் தபெய்ரா.
"உங்கள் திரையில் நாற்பத்தொன்று.
என் வேலிக்குள் நாற்பது."

செத்ததா?
இல்லை.
விற்றீர்களா?
இல்லை.
திருட்டா?
"அதைத் திருட வருகிறவன்
விலா எலும்பை விட்டுவிட்டுப் போவான்."
காணவில்லையா?

அங்கேதான் தயங்கினார்.
"காணோம் என்று எப்படி அம்மா சொல்வது?
பார்த்துக்கொண்டேதானே பேசுகிறேன்.
வெள்ளம் தூக்கி அக்கரையில் போட்டுவிட்டது.
அக்கரை பிரேசில்.
அக்கரையிலும் அதே புல்தான், அதே பச்சைதான்.
அது தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது,
நான் கடன் வாங்கியவன் மாதிரி."

பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை
என்றொரு காரணம்
அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.
பாவம், ஆற்றைப் பார்க்காதவர்களாக இருக்கும்.
அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்றேன்.
வரியைத் தொடவில்லை.

அடுத்த வாரம் கூப்பிட்டார்.
அதற்கடுத்த வாரமும்.
இன்று படுத்திருக்கிறது.
இன்று மழையில் நிற்கிறது.
அந்தப் பக்கத்துக் காளையொன்று
நாலு நாளாக அதைவிட்டு நகரவில்லை.

மே மாதம் தடுப்பூசி நினைவூட்டல்
தானாகவே போயிருக்கிறது, நாற்பத்தொன்றுக்கு.
நாற்பத்தொன்று வாங்கினாராம்.
மிச்சமான ஒன்று
வெண்ணெய்க்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில்.
மனைவி கேட்டிருக்கிறார், இது யாருக்கு என்று.
ஜன்னலைக் காட்டினாராம்.

பிறகு அழைப்பு நின்றது.
நானும் வேறு மாடுகளுக்குப் போனேன்:
ஒரே எண்ணில் இரண்டு, இரண்டு எண்ணில் ஒன்று,
போன வருடம் கசாப்பாகி
இந்த வருடம் எடை கூடிய ஒன்று.

பிப்ரவரி. வறட்சி.
ஆறு முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது.
"நாற்பத்தொன்று" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

விதி எனக்குத் தெரியும்.
எல்லை தாண்டி வருவது இறக்குமதி.
தாளில்லாத இறக்குமதிக்கு என்ன செய்வார்கள்
என்று அவருக்கும் தெரியும்.
இருவர் மூச்சும் பதிவாகிக்கொண்டிருந்தது.

வரியைத் திறந்தேன்.
நிலை: உயிருடன்.
இடம்: தபெய்ராவின் மேய்ச்சல்.
இடமாற்றம்: எதுவுமில்லை.
பத்து மாதம் பொய்யாயிருந்த வரி
ஒரு விரலும் படாமல்
உண்மையாகிவிட்டது.

மூடப் போனேன்.
"இன்னொன்று அம்மா" என்றார், குரல் தாழ்த்தி.
"கூடவே ஒன்று வந்திருக்கிறது.
காது வெறுங்காது.
பால் மூஞ்சி.
பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்குமே,
அதில் என்ன போடுவது?"

இப்போது எங்கே நிற்கிறது?

சற்று நேரம் தவளைச் சத்தம்.
"தண்ணீரில். குடிக்கிறது.
முன்னங்கால் இரண்டும் நம் பக்கம்."

முன்னங்கால் போதும் என்றேனா,
இல்லை, நினைத்துக்கொண்டேனா,
பதிவைக் கேட்டால்தான் தெரியும்.
யாரும் கேட்பதில்லை.

அழைப்பை முடிக்க
என் திரையும் என்னிடம் ஒரு காரணம் கேட்டது.
பட்டியலில் முதலில் இருந்ததையே தொட்டேன்:
கடவுச்சொல் மறந்துவிட்டார்.
தீர்வு: நினைவுக்கு வந்தது.