பதினேழாம் எண் தாய்

எட்டு மணிக்கும் விடியாத நவம்பரில்
கோத்தன்பர்க் நகரத்து மூன்றாம் மாடியில்
இங்கெயர்த் லிண்ட்மார்க்
நுண்ணோக்கியில் கண்வைத்துப்
பிள்ளைகளைப் பிரிக்கிறாள்.

முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி.
அகர் தட்டின் மேல் நாற்பது ஈஸ்ட் செல்கள்,
நாற்பதும் தாய்மார்,
எண் போட்டு, வரிசையாக,
பிரசவ விடுதிப் படுக்கைகள் போல.

ஒன்றரை மணிக்கொரு தரம்
தோளில் ஒரு மொட்டு அரும்பும். வீங்கும்.
ஊசியால் தட்டினால் உதிரும்.
இழுத்துப்போய் ஓரத்தில் விட்டுவிட்டு
நோட்டில் ஒரு கோடு.
எத்தனை பெற்றபின் சாகிறாள் என்று
உட்கார்ந்து எண்ணுவதுதான் வேலை.

பெற்ற இடத்தில் தழும்பு நிற்கும்,
வட்டமாக, கைட்டினால்.
மதியம் ரொட்டிமேல் இறால் அடுக்கும்போது
உரித்து ஒதுக்குகிறாளே தோல்,
அதே பொருள்.
தழும்பு விழுந்த இடத்தில்
மறுபடி மொட்டு விடுவதில்லை.

கசங்கிய புரதங்கள், கழன்ற மரபு வளையங்கள்,
வயதின் குப்பையைப் பெரும்பாலும்
தாய் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறாள்.
மகள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறாள்.

காபி அறையில் இயற்பியல்காரர் ஹல்வார் கேட்டார்:
"அப்படியென்றால் தியாகமா?"
"கழுத்து குறுகல். குப்பை பெரிது"
என்றாள் இங்கெயர்த்,
ஏலக்காய் பன்னைப் பிய்த்தபடி.
அந்தப் பன்னை உப்பவைத்தவர்களும் இவர்களே.
அடுப்பில் கோடிக்கணக்கில் போனார்கள்.
ஒருவரும் எண்ணவில்லை.

புதன் இரவு, டிராம் பாலத்தின் பாதியில் இருக்கும்போது
நினைவு வந்தது:
தட்டு முப்பது டிகிரியிலேயே இருக்கிறது.
இரவில் நான்கு டிகிரியில் உறங்கவைக்க வேண்டும்.
இல்லையென்றால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி,
விடிவதற்குள் ஒவ்வொரு தாயையும் சுற்றி
ஓர் ஊர் கூடிவிடும்.
அந்தக் கூட்டத்தில் தாய் யார்?
எல்லா முகமும் ஒரே முகம்.
ஆறு நாள் எண்ணிக்கை.

காவலர் ஷீர்கோவை அழைத்தாள்.
சுலைமானியாவில் பிறந்தவர்.
ஆய்வகத்தைக் கதவுகளாக மட்டும் அறிந்தவர்.
"இடது பெட்டி. இரண்டாம் தட்டு. மூடியில் நீல மை.
கவிழ்த்துவிடாதீர்கள்."
"உயிருள்ளதா?"
"ஆமாம்."
"எத்தனை பேர்?"
கொஞ்சம் யோசித்தாள்.
"இருபத்திரண்டு. மற்றவர்கள் போய்விட்டார்கள்."

போனில் ஒரு கதவு. இன்னொரு கதவு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு மனிதர் நடப்பது கேட்டது.

காலையில் குளிர்பெட்டிக்குள் தட்டு.
மூடிமேல் ஒட்டிய மஞ்சள் தாளில்
கோணல் ஸ்வீடிஷில்:
"23.40. எல்லோரும் தூங்குகிறார்கள்."

பதினேழாம் எண் அன்று முப்பதைத் தாண்டினாள்.
முப்பத்தொன்று மெதுவாக.
முப்பத்திரண்டுக்கு ஐந்து மணி நேரம்.
முப்பத்துமூன்றாவது மகள் பருத்துப் பிறந்தாள்,
ஊசிக்கு விலக மறுத்தாள்.
அந்த வயதில் பெற்றால்
முதுமையில் ஒரு பங்கு மகளோடும் போகிறது.
அதையும் நோட்டில் எழுத ஒரு கட்டம் உண்டு,
"குறிப்பு" என்று.
அவள் அதைக் காலியாக விட்டாள்.

பிறகு மொட்டில்லை. ஒரு நாள். இன்னொரு நாள்.

வெள்ளி மாலை, வேலைக்கு வந்த ஷீர்கோவை
உள்ளே கூப்பிட்டாள்.
சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் கிடத்தி,
விளக்கை அணைத்து, ஊதாக்கதிரைப் போட்டாள்.
இருட்டில் ஒரே ஒரு செல்.
உடம்பெங்கும் நீல வளையங்கள்,
ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு.

அவர் தன் மொழியில் எண்ணத் தொடங்கினார்:
யெக், தூ, ஸே, ச்வார்...
பதினான்கில் நிறுத்தினார்.
"மறுபுறம் தெரியவில்லையே."

அவர் கண்ணை எடுக்கவில்லை.
இங்கெயர்த் கைநீட்டி
குவியச் சக்கரத்தை
ஒரு மயிரிழை திருப்பினாள்.
அடியில் இன்னும் கொஞ்சம் நீலம்.